சாரல் ஊரில் மடக்குக் கத்திகள்: 14 ஆண்டு அனுபவம்

செங்கோட்டையில் ஆனி பிறந்துவிட்டால் ஆரியங்காவுக் கணவாய் வழியாக இறங்கும் காற்று ஆவணி வரைக்கும் துணியையும் உப்பையும் ஈரமாகவே வைத்திருக்கும். பங்குனி, சித்திரையிலோ அதே வீட்டின் கதவுகள் சுருங்கி இடைவெளி காட்டும். மடக்குக் கத்திகளை அவற்றின் பிடிக்காகவே சேர்க்கத் தொடங்கியவனுக்கு இந்த இரண்டு பருவங்களும்தாம் உண்மையான சோதனையாக அமைந்தன. இன்று என்னிடம் 31 கத்திகள் இருக்கின்றன. எருமைக்கொம்பு, மாட்டெலும்பு, கருங்காலி, ஈட்டி, முத்துச்சிப்பி, பித்தளை எனப் பிடி போட்ட இவற்றில் எது இந்த ஈரத்தைத் தாங்கியது, எது தாங்கவில்லை என்பதையே இங்கே எழுதுகிறேன்.

முதல் கத்தி தாத்தாவுடையது. புனலூர்ச் சந்தையில் வாங்கியதென்று அம்மா சொல்வார். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அந்தக் கத்தியின் பிடி எருமைக்கொம்பு. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் கருப்புக்குள் தேன் நிறத்தில் ஒரு கீற்று ஓடுவது தெரியும். பெருவிரல் பதியும் இடம் மட்டும் தேய்ந்து லேசாகக் குழிந்திருக்கிறது. தாத்தா வெற்றிலைக்குப் பாக்குச் சீவியது இதில்தான். பாக்கின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் கருமை பிடிக்கும் என்பதால் அலகு முழுவதும் மைக்கறை போலக் கறுத்துவிட்டது. அதைத் தேய்த்து வெள்ளையாக்கச் சொன்னவர்கள் பலர். அந்தக் கருமை ஓரளவுக்குத் துருவைத் தடுக்கும் மேற்பூச்சாகவும் இருப்பதால் நான் அதில் கை வைக்கவில்லை.

கொம்பு நம் நகத்தைப் போன்ற பொருள். ஈரத்தை உறிஞ்சி ஊதும், காய்ந்தால் சுருங்கும். இதை நான் ஒரு கத்தியைக் கெடுத்த பிறகே முழுதாக உணர்ந்தேன். ஓர் ஆடி மாதத்தில், பிடியின் ஒரு பக்கத்தை மாற்றித் தரும்படி எங்கள் ஊர் ஆசாரியிடம் கொடுத்தபோது அவர் வாங்க மறுத்துவிட்டார். "மழை நிக்கட்டும் தம்பி. இப்போ கொம்பு ஊறிக் கெடக்கு. ஆணி அடிச்சா மாசியிலே வெடிச்சிரும்" என்றார். எனக்குப் பொறுமை இல்லை; வேறோர் இடத்தில் வேலையை முடித்துக்கொண்டேன். சொல்லிவைத்தாற்போல, மாசிக் கடைசியில் நடு ஆணியிலிருந்து ஓரம் வரைக்கும் மயிரிழை போல ஒரு விரிசல் ஓடியது; பிடிக்கு உட்புறம் உள்ள பித்தளைத் தகட்டுக்கும் கொம்புக்கும் நடுவே தபால் அட்டை நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்தது. பின்னர் அதே ஆசாரி, ஒரு கோடைக்காலம் முழுவதும் அவருடைய பட்டறைப் பரணில் காய்ந்த கொம்புத் துண்டை எடுத்து, ஆணித் துளையை ஆணியைவிடச் சற்றே பெரிதாகத் துளைத்துப் போட்டுக் கொடுத்தார். ஐந்து சாரல் கடந்தும் அது அசையவில்லை.

எலும்பு இந்த விஷயத்தில் கொம்பைவிட நிதானமானது. என்னிடம் உள்ள கேஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் டிராப்பர் வகைக் கத்தியில் 6254 என்ற எண் பொறிக்கப்பட்டிருக்கிறது. முதல் இலக்கமான 6 செதுக்கு வேலை செய்த எலும்புப் பிடியையும், 2 அலகுகளின் எண்ணிக்கையையும், 54 கத்தியின் வடிவத்தையும் குறிக்கின்றன. 1970 முதல் அந்த நிறுவனம் முத்திரைக்குக் கீழே பத்துப் புள்ளிகள் இட்டு, ஆண்டுக்கு ஒன்றாகக் குறைத்து வந்தது. இதில் ஆறு புள்ளிகள் இருப்பதால் இது 1974இல் செய்யப்பட்டதென்று கண்டுகொள்ளலாம். எலும்பை உருப்பெருக்கியில் பார்த்தால் இரத்தக் குழாய்கள் ஓடிய தடங்கள் சிறு பழுப்புப் புள்ளிகளாகத் தெரியும். பிளாஸ்டிக்கில் அவை இரா. எலும்பென்று சொல்லி விற்கப்படும் எதையும் நான் இப்படிப் பார்க்காமல் வாங்குவதில்லை.

யானைத் தந்தமும் புள்ளிமான், மிளா ஆகியவற்றின் கொம்பும் எவ்வளவு பழையவை என்று சொல்லப்பட்டாலும் என் பெட்டிக்குள் வருவதில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது என்பது ஒரு காரணம். சட்டமே இல்லாவிட்டாலும், மலை அடிவாரத்தில் வாழ்ந்துகொண்டு அதை வாங்க எனக்கு மனம் வராது.

மரத்தில் கருங்காலிக்கே என் முதலிடம். தண்ணீரில் இட்டால் மூழ்கிவிடும் அளவுக்குச் செறிவான மரம் அது. சாரலில் அதன் பிடி ஊதியதை நான் பார்க்கவில்லை. ஈட்டி அதற்கு அடுத்தது. பீச் மரப் பிடி போட்ட ஒரு வெளிநாட்டுக் கத்தியின் அலகு, ஆடி மாதம் முழுவதும் பிடிக்குள் இறுகிக்கொண்டு நகத்தால் இழுத்தாலும் வெளியே வராது. ஜப்பானின் மிகி நகரத்து ஹிகோனோகாமி என்ற மடக்குக் கத்தியில் இந்தத் தொல்லையே கிடையாது. மடித்த பித்தளைத் தகடே அதன் பிடி.

பெரிய இழப்பு செல்லுலாயிட் என்ற பழைய வகைப் பிளாஸ்டிக்கால் வந்தது. ஆமை ஓட்டைப் போலத் தோன்றும் பழைய செல்லுலாயிட் பிடியுள்ள கத்தி ஒன்றை, மூடிய மரப்பெட்டியில் மற்ற ஆறு கத்திகளோடு வைத்திருந்தேன். செல்லுலாயிட் நாளடைவில் சிதைந்து நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களை விடும். அவை ஈரத்தோடு கலந்தால் அமிலமாகிவிடும். ஒரு சாரல் முடிந்து பெட்டியைத் திறந்தபோது கற்பூரமும் புளிப்பும் கலந்த நெடி வந்தது. அந்தக் கத்தியின் அலகு பிடியை ஒட்டிய இடத்தில் செந்துருவாகப் பொரிந்திருந்தது; பித்தளைத் தகடு பச்சை பூத்திருந்தது; பக்கத்தில் கிடந்த இரண்டு கத்திகளின், அலகை இறுக்கிப் பிடிக்கும் வில்லிலும் துரு ஏறிவிட்டது. அந்த இரண்டில் ஒன்றை இன்றுவரை என்னால் மீட்க முடியவில்லை. செல்லுலாயிட் பிடி வாங்குவோர் அதைத் தனியாக, காற்றோட்டமாக, அடுப்புக்கும் விளக்குக்கும் எட்டாத தூரத்தில் வைக்க வேண்டும். அது சட்டென்று தீப்பற்றும் பொருளுங்கூட.

முத்துச்சிப்பிப் பிடியைக் கெடுத்தது என் கைதான். பிடியின் முனையில் உள்ள பித்தளைக் கொண்டையைப் புளி போட்டுத் துலக்கியபோது புளிநீர் சிப்பியின் மேலும் பரவிவிட்டது. சிப்பி சுண்ணாம்புப் பொருள். புளிப்புப் பட்டால் அரிக்கும். அந்த ஓரத்தில் போன மினுமினுப்பு திரும்பவில்லை.

எண்ணெயைப் பொறுத்தவரை, தேங்காயெண்ணெயை அலகுக்குப் பூசலாம். மடிப்பு மூட்டுக்குள் விடக் கூடாது. ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடுவதால் மார்கழிக் காலையில் கத்தி இறுகித் திறக்கும்; நாள்பட்டால் பிசினும் ஆகும். மூட்டுக்குத் தையல் மிஷின் எண்ணெயில் ஒரு சொட்டு போதும். கொம்புப் பிடிக்குத் தேன்மெழுகை லேசாகத் தேய்க்கிறேன். கொம்பை அரிக்கும் வண்டுப் புழுக்கள் இருட்டையும் அமைதியையும் தேடுவதால், மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் வெளியே எடுத்து, திறந்து துடைத்து வைக்கிறேன்.

பெட்டியிலேயே கிடந்தவற்றைவிட, சட்டைப்பையில் மாறி மாறிச் சுமந்த ஏழெட்டுக் கத்திகளே நல்ல நிலையில் இருக்கின்றன. தாத்தாவின் கத்தி இந்த வாரம் என் பையில் இருக்கிறது. அதன் மூட்டாணி சற்றுத் தளர்ந்திருக்கிறது. இப்போது ஆவணிதான் நடக்கிறது என்பதால், மாசியில் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் ஆசாரி.