ஜிபிஎஸ் கருவியை ரிப்பேருக்குக் கொடுக்கப் போகிறீர்களா? ரூ.18,500 போன கதை

ரூ.18,500. பில் கேட்டால் ரசீதுப் புத்தகத்தில் கிழித்த ஒரு தாள். ‘ஜிபிஎஸ் போர்டு புதிது மாற்றப்பட்டது’ என்று எழுதி ரப்பர் ஸ்டாம்ப் குத்தியிருக்கிறது. எந்த போர்டும் மாற்றவில்லை, அதற்கு ஆதாரமும் இருக்கிறது. கருவியைக் கொடுக்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் எழுதுகிறேன்.

கடை பெயரைப் போடவில்லை. டோட்டல் ஸ்டேஷன், ஆட்டோ லெவல் மாதிரி நில அளவைக் கருவிகள் எல்லாம் சர்வீஸ் செய்வதாக போர்டு மாட்டிய கடை. ஊருக்குள் சேவை தேடும் செயலி ஒன்றில் ஐந்து நட்சத்திரம்.

கருவி, சர்வேக்கான கைக்கருவி. எல்1 என்ற ஒரே ஜிபிஎஸ் அலைவரிசையை மட்டும் பிடிக்கும் பழைய மாடல். கோளாறு இதுதான்: 2025 மார்ச் 14 அன்று எடுத்த கோப்பில் தேதி 2005 ஜூலை 29 என்று விழுந்தது. இடம் கிடைக்கிறது, ஆனால் ரொம்ப நேரம் எடுக்கிறது. கார்ஸ் நிலையத் (ஒரே இடத்தில் நின்று ஓயாமல் ஜிபிஎஸ் பதியும் நிலையம்) தரவோடு வைத்துத் திருத்த உட்கார்ந்தால், இரண்டு கோப்புக்கும் பொதுவான நேரமே இல்லை என்று மென்பொருள் கைவிரிக்கிறது.

நம்பிய இடத்தைச் சொல்கிறேன், சொல்லவே வெட்கமாக இருக்கிறது. கடைக்காரர் கருவியை மேசையில் வைத்து சாட்டிலைட் பக்கத்தைத் திறந்து காட்டினார். பூஜ்யம். “பாருங்கண்ணே, ஒண்ணுகூட எடுக்கல. ஃப்ரண்ட் எண்டு போயிருச்சு, போர்டுதான் மாத்தணும்.” ஃப்ரண்ட் எண்டு என்றால் ஆன்டெனாவிலிருந்து வரும் சிக்னலை முதலில் வாங்கும் பகுதி. தலைக்கு மேல் டியூப் லைட், அதற்கு மேல் கான்கிரீட் தளம். அந்த மேசையில் எந்தக் கருவியை வைத்தாலும் அதே பூஜ்யம்தான். வாசலுக்குத் தூக்கிப் போகச் சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். மைக்ரோஸ்கோப்பில் கருகிய ஐசி ஒன்றைக் காட்டினார், அது யார் வீட்டுக் கருவியோ. முன்பணம் 10,000, எடுக்கும்போது 8,500.

திரும்பி வந்த கருவியில் தேதி அதே 2005. போதாக்குறைக்கு சிக்னல் வலிமையும் விழுந்துவிட்டது. முன்பு திறந்தவெளியில் 44 முதல் 48 டெசிபல்-ஹெர்ட்ஸ் காட்டியது, இப்போது உச்சியில் நிற்கும் சாட்டிலைட்டுக்கே 33.

போன் போட்டால் ‘அண்ணே’ போய் ‘சார்’ வந்துவிட்டது. “சாட்டிலைட் பக்கம் பிரச்சனை சார், ரெண்டு நாள்ல செட் ஆயிடும்.” அடுத்த வாரம், “மேகமா இருக்குல்ல சார்.” மேகத்துக்கும் எல்1 அலைக்கும் சம்பந்தமே இல்லை, 1575.42 மெகாஹெர்ட்ஸ் மழை மேகத்தைத் துளைத்துக்கொண்டு வரும். அதற்கு அடுத்த முறை, “ரிப்பேருக்கு வாரண்டி இல்லன்னு ரசீதுக்குப் பின்னாடியே போட்டிருக்கே.” பின்பக்கம் வெறும் தாள். இப்போது வாட்ஸப்பில் நீல டிக் மட்டும்.

ஆதாரம்: மூலக் கோப்பை ரைனெக்ஸாக (எந்தக் கம்பெனி மென்பொருளும் படிக்கும் பொது வடிவம்) மாற்றினால் தலைப்பிலேயே ரிசீவர் எண், வகை, ஃபர்ம்வேர் (கருவிக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) பதிப்பு மூன்றும் ஒரே வரியில் வரும். போன வருடக் கோப்பு, ரிப்பேருக்குப் பிந்திய கோப்பு, இரண்டிலும் எல்லாமே ஒன்று. ரூ.18,500-க்கு வாங்கிய ‘புது’ போர்டுக்குப் பழைய போர்டின் எண்.

அடுத்து வெளி ஆன்டெனாவைச் செருகிப் பார்த்தேன். உடனே 46. அப்படியானால் ஃப்ரண்ட் எண்டு நன்றாகவே இருக்கிறது, பழுது உள் ஆன்டெனாவிலோ அதன் வயரிலோதான். மூடியைக் கழற்றினால், ஆன்டெனா வயரின் நுனியில் இருக்கும் பொத்தான் மாதிரிக் குட்டி கனெக்டர் பாதி ஏறி, சாய்ந்து நிற்கிறது. நேராக வைத்து நகத்தால் அழுத்தினேன், ‘டக்’ என்று உட்கார்ந்தது. அந்த கனெக்டரைச் சுமார் முப்பது தடவைதான் கழற்றி மாட்டலாம், சும்மா பிடுங்கிப் பார்ப்பதற்கில்லை. கடிகாரத்துக்கான பேக்கப் செல் சார்ஜ் ஏறும் எம்எல்1220. அதை எடுத்துவிட்டு சார்ஜ் ஏறாத சிஆர்1220-ஐ சால்டர் வைத்திருக்கிறார்கள். சார்ஜ் ஏற்றும் சர்க்யூட்டில் அது கிடந்தால் உப்பும், ஒழுகும், போர்டையும் தின்னும். ரப்பர் கேஸ்கெட் ஒரு மூலையில் கிழிசல். இனி தூறல் பட்டாலும் தண்ணீர் உள்ளேதான்.

சரி, உண்மையான கோளாறு? வார எண் சுற்று. சாட்டிலைட் தேதியை வார எண்ணாகத்தான் அனுப்பும். ஜிபிஎஸ் பழைய சிக்னலில் அந்த எண்ணுக்கு 10 பிட்தான், 1024 வாரம் ஆனால் மீண்டும் பூஜ்யம். 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் அது நடந்தது. 2019-ஐத் தாண்டி ஒழுங்காக ஓடிய கருவி என்பதால் எனக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை. ஆனால் பல கருவிகள் ஃபர்ம்வேரில் எழுதிய ஒரு தேதியிலிருந்து 1024 வாரம் எண்ணும், அதனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாளில் விழும். அடையாளம் சுலபம்: தேதி 7,168 நாள் பின்னால் போயிருக்கும், கிழமை மட்டும் சரியாக இருக்கும். 2025 மார்ச் 14 வெள்ளி, 2005 ஜூலை 29-ம் வெள்ளி. தயாரிப்பாளர் தளத்தில் ஃபர்ம்வேர் இலவசமாகக் கிடந்தது. ஏற்றி, திறந்தவெளியில் 20 நிமிடம் வைத்தேன். தேதி சரி. செலவு பூஜ்யம். போனது ரூ.18,500.

தப்பான தேதியில் விழுந்த கோப்புகளைத் தூக்கிப் போடாதீர்கள். ரைனெக்ஸாக மாற்றும்போது வார எண்ணைக் கையால் கொடுக்க சில மென்பொருள்களில் வழி உண்டு. இடையில் பூஜ்யமாக்காமல் தொடர்ந்து எண்ணும் கணக்கில், மேலே சொன்ன நாளுக்கு 1333 என்று இருப்பதை 2357 ஆக்கினால் போதும்.

எச்சரிக்கை என்று நீளமாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. கூரைக்குக் கீழே சோதித்துக் காட்டினால் நம்பாதீர்கள். கொடுக்கும் முன் ரிசீவர் எண், ஃபர்ம்வேர், சிக்னல் பக்கம் மூன்றையும் போட்டோ எடுங்கள். பழைய போர்டைக் கையில் வாங்காமல் மீதிப் பணம் தராதீர்கள். மாதக்கணக்கில் சும்மா கிடந்த கருவி முதல் முறை தடுமாறத்தான் செய்யும், அல்மனாக் (எந்த சாட்டிலைட் எங்கே என்ற பட்டியல்) முழுதாக இறங்கவே 12.5 நிமிடம் ஆகும். நம் கடற்கரையில் உயரம் மைனஸ் தொண்ணூறு மீட்டர் பக்கம் காட்டினால் அதுவும் பழுதில்லை, ஜிபிஎஸ் உயரம் அளக்கும் கணிதக் கோளத்தைவிட இங்கே ஜியாய்டு, அதாவது கடல் மட்டப் பரப்பு, அவ்வளவு கீழே. அதற்கும் ஒரு ‘போர்டு’ விற்றுவிடுவார்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தாயிற்று. ரசீது, இரண்டு ரைனெக்ஸ் தலைப்பு, சிஆர் செல்லின் போட்டோ எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். ரூ.18,500.