ஒரு வைஃபை பெயருக்கு 11,850 ரூபாய் அழுத கதை

நேற்று ராத்திரி பத்தரை மணிக்குத்தான் விஷயம் முழுசாகப் புரிந்தது. அதற்கப்புறம் தூக்கம் வரவில்லை. விடிந்ததும் முதல் வேலையாக இதை எழுதுகிறேன், வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனிலிருந்து இயக்குகிற ஸ்மார்ட் பிளக்குகளைச் சரிசெய்ய வந்தவனிடம் போனது 11,850 ரூபாய். சிலருக்கு இது ஒரு தொகையே இல்லை. எங்கள் வீட்டில் இது அப்பாவின் மாத்திரையும் ஒரு மாத மளிகையும்.

வீடு கடலூரில், செம்மண்டலம் பக்கம். வேலை புதுச்சேரியில். காலையில் பஸ் ஏறினால் திரும்ப ராத்திரி எட்டு மணி ஆகிவிடும். அப்பாவுக்கு 76 வயது, முழங்கால் தேய்மானம். மோட்டார் சுவிட்ச் பின்கட்டில் இருக்கிறது, இரண்டு படி இறங்கிப் போக வேண்டும். அந்தப் படியில் ஒருமுறை வழுக்கி விழுந்தும்விட்டார். அதனால்தான் மோட்டாருக்கு ஒரு 16 ஆம்ப் ஸ்மார்ட் பிளக், மாடிப்படி விளக்குக்கு ஒன்று, அவர் அறைக்கு ஒன்று, ஹாலில் ஒரு சின்ன கேமரா என்று நாலு உருப்படி வாங்கி மாட்டினேன். எட்டு மாதம் ஒரு குறையும் இல்லை. தொட்டி வழிகிறது என்று அப்பா போன் செய்வார், நான் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே மோட்டாரை நிறுத்துவேன். பக்கத்து சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

நெட் கம்பெனியை மாற்றினேன், அங்கேதான் ஆரம்பித்தது. புது ஃபைபர்காரர்கள் வந்து அவர்களுடைய ரவுட்டரை மாட்டிவிட்டுப் போனார்கள். போனில் நெட் பறக்கிறது, டிவியில் பறக்கிறது. நாலு உருப்படியும் மட்டும் பிணம் மாதிரி கிடக்கிறது. பிளக்கின் பட்டனை அழுத்திப் பிடித்தால் விளக்கு மினுக்மினுக்கென்று துடிக்கிறது. ஆப்பில் வட்டம் சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் ‘இணைக்க முடியவில்லை’ என்கிறது. மூன்று ராத்திரி இதே கூத்து. நாலாவது நாள், இவற்றை வாங்கிய கடைக்கே போன் போட்டேன். சிசிடிவி, இன்வெர்ட்டர், ஸ்மார்ட் பொருட்கள் எல்லாம் விற்கிற கடை. அதற்கு மேல் அடையாளம் சொல்லப் போவதில்லை.

போன சனிக்கிழமை ஒரு பையன் வந்தான். கடை பெயர் போட்ட டீ-ஷர்ட், கையில் பெட்டி. செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, அப்பாவைப் பார்த்து “அய்யா நல்லா இருக்கீங்களா” என்றான். இங்கே எங்கள் அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது கடலூர் கிடந்த கிடப்பு தெரிந்தவர்களுக்குத் தெரியும். நாள்கணக்கில் கரண்ட் இல்லை. வெளி மாவட்டங்களில் இருந்தெல்லாம் ஆட்கள் வந்து கம்பம் நட்டு லைன் இழுத்தார்கள். அன்றிலிருந்து கையில் ஸ்குரூடிரைவர் வைத்திருக்கிற எவனைப் பார்த்தாலும் அப்பாவுக்குச் சாமியைப் பார்த்த மாதிரி. பையனுக்கு மோர் போனது. அவனும் சும்மா இருக்கவில்லை. அப்பாவின் போனை வாங்கி, எழுத்தைப் பெரிதாக்கி, டார்ச் பட்டனை முன்னால் கொண்டுவந்து வைத்துக் கொடுத்தான். நான் மூன்று வருஷமாகச் செய்யாத வேலை. அந்த நிமிஷம் நானும் விழுந்துவிட்டேன். அதற்கப்புறம் அவன் சொன்ன எதையும் நான் கேள்வி கேட்கவே இல்லை.

அவன் சொன்னது இது: “சார், உங்க வைஃபை 5ஜி ஆகிடுச்சு. இந்தப் பிளக்கெல்லாம் அந்தக் காலத்துது. அது மட்டுமில்ல, உப்புக்காத்துல உள்ள சிப்பு அரிச்சிருக்கும்.” உப்புக்காற்று! இந்த ஊரில் யாரால் இல்லை என்று சொல்ல முடியும்? எங்கள் வீட்டு இரும்பு கேட்டுக்கு வருஷம் தவறாமல் பெயிண்ட் அடிக்கிறோம். ஊர் அறிந்த உண்மை ஒன்றை எடுத்து அதன் மேல் பொய்யைத் தடவினான், நானும் தலையாட்டினேன்.

கணக்கைப் பாருங்கள். புது ரவுட்டர் 4,500. சிக்னல் பூஸ்டர் 2,850. சிப் ‘ரீப்ரோகிராம்’ உருப்படிக்கு 750 வீதம் நாலுக்கு 3,000. வந்து மாட்டிய கூலி 1,500. ஆக மொத்தம் 11,850. ரீப்ரோகிராம் என்று அவன் செய்தது என்ன தெரியுமா? பட்டனை ஐந்து விநாடி அழுத்திப் பிடித்தான். நான் மூன்று ராத்திரி இலவசமாகச் செய்ததுதான்.

உருப்படிகளை ஆப்பில் சேர்க்கும்போது எனக்கு ஓடிபி வரத் தாமதமானது. “பரவால்ல சார், இப்போதைக்கு என் ஆப்ல சேர்த்து உங்களுக்கு ஷேர் பண்ணிடறேன்” என்றான். சரி என்றேன். பணம் கொடுக்கும்போது, “கடை ஸ்கேனர் வேலை செய்யல சார், என் நம்பருக்கே போட்டுடுங்க” என்றான். அதற்கும் சரி என்றேன். பில் கேட்டேன், ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தான். கடை முத்திரை இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை. 11,850 என்ற எண்ணை மட்டும் அழகாக எழுதி அடிக்கோடு போட்டிருந்தான். இப்போது எழுதும்போது என்னையே நாலு அறை அறையத் தோன்றுகிறது.

அன்று எல்லாம் வேலை செய்தது. மோட்டார் ஓடியது, கேமராவில் அப்பா கை காட்டினார். ஆனால் அன்று ராத்திரியே டிவியில் படம் நின்று நின்று ஓட ஆரம்பித்தது. செவ்வாய்க்கிழமை என் ஆப்பில் இருந்து நாலு உருப்படியும் காணாமல் போயின. ஆஃப்லைன்கூட இல்லை, பட்டியலே காலி.

பையனுக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. புதன்கிழமை கடைக்குப் போட்டேன், “பையன் லீவு சார், நாளைக்குப் பேசச் சொல்றேன்.” வியாழக்கிழமை, “அவன் வேலையை விட்டுட்டான் சார்.” ஒரே நாளில் லீவு ராஜினாமா ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை இன்னொரு குரல், “அது ஆப் பிரச்சினை, கம்பெனி கஸ்டமர் கேருக்குப் பேசுங்க.” கம்பெனிக்குப் பேசினால், “யார் அக்கவுண்டில் இருக்கிறதோ அவர்தான் நீக்க வேண்டும்.” நேற்று சாயங்காலம் நேரிலேயே போனேன். முதலாளி பில் போடும் கம்ப்யூட்டரில் இருந்து தலையைத் தூக்கவே இல்லை. சீட்டை நீட்டினேன். “இது எங்க பில் இல்லையே. பணமும் கடைக்கு வரலையே.” நீங்கள் அனுப்பிய ஆள், உங்கள் டீ-ஷர்ட் என்றேன். “வேணும்னா வேற ஆள் அனுப்பறேன், விசிட்டிங் சார்ஜ் 500 ஆகும்” என்றார். என் கடையில் பொருள் வாங்கி, என் கடை ஆளிடம் ஏமாந்தீர்களா, அப்படியென்றால் இன்னும் ஒரு 500 கொடுங்கள் என்று அர்த்தம்.

வீட்டுக்கு வந்து புலம்பிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அக்காவின் மகள் எட்டிப் பார்த்தாள், கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிற பெண். அவள் முதலில் கேட்ட கேள்வி, “அங்கிள், ஃபைபர் பாக்ஸ்ல வைஃபையை ஏன் ஆஃப் பண்ணி வச்சிருக்கீங்க?” நான் எங்கே ஆஃப் செய்தேன்? அவன் செய்தது. கம்பெனி கொடுத்த நல்ல ரவுட்டரின் வைஃபையை அணைத்துவிட்டு, பழைய மாடல் ஒன்றை ஒயர் போட்டு அதன் பின்னால் மாட்டியிருக்கிறான். டிவி திணறியது அதனால்தான்.

அவள் சொன்ன விஷயம் இவ்வளவுதான். இந்த மாதிரி விலை குறைந்த பிளக்குகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் என்கிற அலைவரிசை வைஃபையில் மட்டும்தான் பேசும். புது ரவுட்டர் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் விடுகிறது. போன் 5-ல் உட்கார்ந்துகொள்கிறது, பிளக் 2.4-ல் தேடுகிறது, சேர்க்கும் நேரத்தில் இரண்டும் சந்திப்பதில்லை. 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கும் செல்போன் 5ஜிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, அந்தப் பையன் குழப்பியது அங்கேதான். போதாததற்கு வைஃபையின் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 என்கிற புது வகையில் இருந்தது, பழைய பிளக்குகளுக்கு அது புரியாது. பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்து, ரவுட்டர் அடியில் ஒட்டியிருந்த பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே போனாள். அணைத்திருந்த வைஃபையை ஆன் செய்தாள், 2.4-க்குத் தனிப் பெயர் வைத்தாள், பாதுகாப்பைப் பழைய டபிள்யூபிஏ2 ஆக்கினாள், என் போனை அந்தப் பெயரில் இணைத்தாள். ஆப்புக்கு லொகேஷன் அனுமதி கொடுத்தாள். மொபைல் டேட்டாவை அணைக்கச் சொன்னாள். பத்து நிமிஷத்தில் மூன்று பிளக்கும் உயிரோடு வந்தன. உப்புக்காற்று அரித்த சிப்புகள்!

“முதல் நாளே டபிள்யூபிஏ2 ஆக்கி, புது ரவுட்டருக்குப் பழைய வைஃபை பேரையும் பழைய பாஸ்வேர்டையும் அப்படியே வச்சிருந்தா, அதுங்களே வந்து ஒட்டியிருக்கும் அங்கிள்” என்றாள். 11,850 ரூபாய்! ஒரு பெயரை மாற்றி எழுதாததற்கு. அந்த 2,850 ரூபாய் பூஸ்டரை எடுத்துப் பார்த்தாள். அது எந்த வைஃபையோடும் இணைக்கப்படவே இல்லை. எட்டு நாளாகச் சும்மா பச்சை விளக்கு எரித்துக்கொண்டு நின்றிருக்கிறது.

கேமரா மட்டும் வரவில்லை. எத்தனை தடவை ரீசெட் செய்தாலும் ‘இது வேறொரு கணக்கில் உள்ளது’ என்றே வருகிறது. வயிற்றைப் பிசைவது இதுதான். ஓடிபிக்காகப் பொறுமையில்லாமல் அவன் ஆப்பில் சேர்க்க விட்டேனே, எங்கள் வீட்டு ஹால் எட்டு நாளாக யாரோ ஒருவனுடைய போனில் இருந்திருக்கிறது. அப்பா துண்டு மட்டும் கட்டிக்கொண்டு நடமாடுகிற ஹால். உடனே ஒயரைப் பிடுங்கிவிட்டேன். அப்பாவோ இன்னும், “அந்தப் பையன் கெட்டவன் இல்லடா, முதலாளிதான் சொல்லிக் கொடுத்திருப்பான்” என்கிறார். அவர் போனில் எழுத்து பெரிதாக இருக்கிறதல்லவா.

என்ன செய்ய வேண்டும், செய்யக்கூடாது என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது கை நடுங்குகிறது, தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன். யாரையும் அவர்கள் ஆப்பில் உங்கள் பொருளைச் சேர்க்க விடாதீர்கள், கேமராவை விடவே விடாதீர்கள். ஓடிபி வரும் வரை உட்கார வையுங்கள். பணத்தைக் கடைக்கணக்கில் மட்டும் போடுங்கள், ஆளின் நம்பருக்கு வேண்டாம். கடை பெயரும் முத்திரையும் இல்லாத சீட்டு சீட்டே இல்லை. ரவுட்டர் மாற்றினால் பழைய பெயர், பழைய பாஸ்வேர்ட். ‘சிப் போச்சு’ என்றால் ஒரு நாள் அவகாசம் கேளுங்கள்.

நான் 1915-க்கு, அதுதான் தேசிய நுகர்வோர் உதவி எண், புகார் சொல்லப் போகிறேன். அதிலும் நடக்காவிட்டால் கடலூர் நுகர்வோர் ஆணையம். பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டும் அந்தத் துண்டுச் சீட்டும் பத்திரமாக இருக்கின்றன. கேமராவை அவன் கணக்கில் இருந்து எடுக்க வைக்காமல் விடப் போவதில்லை, 11,850 ரூபாயையும் விடப் போவதில்லை. மீதியை அப்புறம் எழுதுகிறேன், தொட்டி வழிகிறது என்று அப்பா சத்தம் போடுகிறார்.