வாளியா, குளமா, கடலா? பருவத்துக்குப் பருவம் சின்னப் பிள்ளைகளை எங்கே கூட்டிப் போவது

கோடை வந்தால் கடற்கரை, மழை வந்தால் உள்விளையாட்டு அரங்கம், குளிர் வந்தால் உயிரியல் பூங்கா. மூன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் பிள்ளை இருக்கும் வீடுகளில் வருடம் பெரும்பாலும் இப்படித்தான் ஓடுகிறது. ஒவ்வொன்றுக்கும் போட்டியாக இன்னொரு வழி பக்கத்திலேயே இருக்கிறது. அது சின்னது, செலவில்லாதது, போட்டோவில் எடுபடாதது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கலாம்.

எதை வைத்து எடை போடுவது? ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்காக உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடம் உடம்பை அசைத்து விளையாட வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது அது. திரை முன்னால் உட்காருவது ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, தூக்கம் 10 முதல் 13 மணி நேரம் வேண்டும். எல்லாமே தினக் கணக்கு. மாதம் ஒரு முறை போகும் பெரிய உலா எவ்வளவு அருமையாக அமைந்தாலும் மீதி நாட்களுக்கு அது ஈடாகாது. அதனால் ஓர் இடத்தைப் பற்றி நான் முதலில் கேட்பது, நாளைக்கும் அங்கே போக முடியுமா என்பதைத்தான். அப்புறம், பிள்ளை தன் கையால் ஏதாவது செய்ய அங்கே வழி இருக்கிறதா, இல்லை வேடிக்கை பார்ப்பது மட்டும்தானா? கடைசியாக, ஒரே ஒரு பெரியவர் பதற்றமில்லாமல் பார்த்துக்கொள்ள முடியுமா?

கோடை: மூன்று விதத் தண்ணீர்

கடற்கரையிலிருந்து தொடங்கலாம். மணலும் தண்ணீரும் சேர்ந்து கிடைக்கும் இடத்துக்கு இந்த வயதில் ஈடே இல்லை. ஈர மணலில் பிள்ளை குழி தோண்டும், அலை வந்து மூடிவிடும், சிரித்துக்கொண்டே அதே இடத்தில் மறுபடி தோண்டும். வேறு பொம்மை எதுவும் தேவைப்படாது. ஆனால் பெரியவருக்கு வேலை அதிகம். முதல் தொல்லை வெயில். குடை நிழலில் உட்கார வைத்தாலும் முழுப் பாதுகாப்பு இல்லை. உலர்ந்த மணல் புற ஊதாக் கதிரில் சுமார் 15 சதவீதத்தையும் கடல் நுரை சுமார் 25 சதவீதத்தையும் திருப்பி அனுப்புகின்றன. மெல்லிய மேகம் இருந்தாலும் 80 சதவீதம் வரை கீழே வந்துவிடும். வானிலைச் செயலியில் புற ஊதாக் குறியீடு 3 அல்லது அதற்கு மேல் காட்டினால் தொப்பி, முழுக்கைச் சட்டை, சன்ஸ்கிரீன் மூன்றும் வேண்டும். சன்ஸ்கிரீனை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையும் தண்ணீரில் இறங்கி ஏறிய பிறகும் மறுபடி பூச வேண்டும். காலை பத்து முதல் மாலை நான்கு வரை அந்தப் பக்கமே போகாமல் இருப்பது அதைவிட எளிது. இரண்டாவது தொல்லை பலருக்குத் தெரியாதது. ஆழமாகத் தோண்டிய மணல் குழி சட்டென்று சரிந்து ஆளையே மூடிவிடும். பிள்ளையின் முழங்கால் ஆழத்தோடு தோண்டுவதை நிறுத்துங்கள், கிளம்பும்போது குழியை மூடிவிடுங்கள்.

நீச்சல் குளம் கதை வேறு. அங்கே பிள்ளை தானாக விளையாட முடியாது. பெரியவரும் தண்ணீரில் இறங்கி, கை எட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும். கையில் மாட்டும் காற்றடைத்த மிதவை ஒரு விளையாட்டுச் சாமான், பாதுகாப்புச் சாதனம் அல்ல. அது கழன்றுவிடும், காற்றும் இறங்கிவிடும். மூழ்கும் பிள்ளை கத்தாது, கையை ஆட்டிக் கூப்பிடாது. சத்தமே இல்லாமல் ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் நடந்துவிடும். அதனால் கைப்பேசியை லாக்கரில் வைத்துவிட்டு இறங்குங்கள். இன்னொன்று, சின்ன உடம்புக்கு எடையோடு ஒப்பிட்டால் தோல் பரப்பு அதிகம். தண்ணீரில் சூடு சீக்கிரம் போய்விடும். நமக்கு இதமாக இருக்கும் அதே குளத்தில் பிள்ளைக்கு உதடு நீலம் பாய்ந்து பல் தந்தியடிக்கும். உதடு நிறம் மாறினால் அன்றைக்கு அவ்வளவுதான், வெளியே தூக்கித் துவட்டிவிட வேண்டும். வயிற்றுப்போக்கு இருக்கும் பிள்ளையைக் குளத்தில் இறக்குவது மற்றப் பிள்ளைகளுக்குச் செய்யும் கெடுதல். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி குளோரின் கலந்த தண்ணீரிலும் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு இருக்கக் கூடியது.

அடுத்து வாளித் தண்ணீர். ஒரு வாளி, அளவு வேறுபட்ட நான்கைந்து டப்பாக்கள், ஒரு புனல், ஒரு பழைய பஞ்சு, நிழல் விழும் ஒரு மூலை. மூன்று வயதுப் பிள்ளை இதை வைத்து என்ன செய்கிறது என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள். முதலில் ஊற்றும் தண்ணீரெல்லாம் டப்பாவுக்கு வெளியே போகும். அப்புறம் குவளையின் விளிம்பை டப்பாவின் விளிம்பில் முட்டுக் கொடுத்து வைத்துக்கொள்ளும். சாய்க்கும் வேகம் குறையும். உதட்டைக் கடித்துக்கொண்டு, நிரம்பி வழியப் போகும் நேரத்துக்குக் கண் காத்திருக்கும். குட்டி டப்பாவிலிருந்து பெரிய டப்பாவுக்கு ஊற்றினால் ஏன் நிரம்பவில்லை என்று முழிக்கும், மறுபடி ஊற்றும். இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. குளத்திலும் கடலிலும் இந்த நிதானம் கிடைப்பதில்லை, அங்கே நாம்தான் 'வா வா, தள்ளிப் போகாதே' என்று சொல்லிக்கொண்டே இருப்போம்.

வாளிக்கும் ஆபத்து உண்டு, அதை லேசாக எடுத்துக்கொள்ளவே கூடாது. ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர்கூட ஒரு குழந்தை மூழ்கப் போதும். சின்னப் பிள்ளைக்குத் தலை கனம், வாளிக்குள் எட்டிப் பார்த்துக் கவிழ்ந்தால் தானாக எழுந்திருக்கத் தெரியாது. கூடவே உட்கார்ந்திருங்கள், ஆட்டம் முடிந்த அடுத்த நொடியே தண்ணீரைச் செடிக்குக் கொட்டிவிட்டு வாளியைக் கவிழ்த்து வையுங்கள். தேங்கிய தண்ணீரில், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுக் கொசுவாவதற்கு ஒரு வாரம், பத்து நாள் போதும்.

என் தீர்ப்பு: கோடை முழுக்க வாளிதான் முதலிடம். கடற்கரைக்குப் பெரியவர்கள் இரண்டு பேர் இருந்தால் அதிகாலையில் போங்கள். குளத்தை விளையாட்டு இடமாக நினைக்காமல், நீந்தக் கற்றுக்கொள்ளும் இடமாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

மழை: நனைவதா, உள்ளே போவதா

'மழையில் நனைந்தால் சளி பிடிக்கும்' என்ற பயம்தான் பிள்ளைகளை உள்விளையாட்டு அரங்கத்துக்கு அனுப்புகிறது. சளியை உண்டாக்குவது வைரஸ். ஜன்னல் மூடிய கூடத்தில் இருபது முப்பது பிள்ளைகள் ஒரே பந்துக் குளத்தில் உருளும்போது அது பரவும் வாய்ப்பு, திறந்தவெளித் தூறலில் பரவுவதைவிட மிக அதிகம். ரெயின்கோட்டும் பூட்ஸும் மாட்டி அரை மணி நேரம் விட்டுவிட்டு, திரும்பியதும் ஈர உடுப்பைக் கழற்றித் தலையைத் துவட்டினால் போதும்.

மழைக்காலம் இந்த வயதுக்கு வாரி வழங்கும் பருவம். ஓடும் தண்ணீரில் இலையை விட்டால் அது எங்கே மாட்டிக்கொள்கிறது என்று பார்க்கலாம். சுவரில் ஏறும் நத்தையின் கொம்பு, பக்கத்தில் விரலைக் கொண்டுபோனதும் உள்ளே போகும், சற்றுப் பொறுத்தால் வெளியே வரும். தொட்டுப் பார்த்திருந்தால் கையைக் கழுவிவிட்டுத்தான் அடுத்த வேலை. தூறல் நின்ற பின் சோப்புக் குமிழ் ஊதிப் பாருங்கள். காற்றில் ஈரம் இருப்பதால் குமிழின் தோல் மெதுவாக உலரும், வெயில் நாளைவிட அதிக நேரம் உடையாமல் மிதக்கும்.

இரண்டு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. இடி கேட்டால் உடனே உள்ளே வந்துவிட வேண்டும், கடைசி இடிச் சத்தம் கேட்டு 30 நிமிடம் ஆகும் வரை வெளியே போகக் கூடாது. அடுத்தது தேங்கிய தண்ணீர். இப்போது பெய்து ஓடும் தண்ணீர் வேறு, நாள் கணக்கில் நிற்கும் குட்டை வேறு. எலிச் சிறுநீர் கலந்த தண்ணீர் வழியாக லெப்டோஸ்பைரோசிஸ் என்ற எலிக் காய்ச்சல் வரும், காலில் சிராய்ப்பு இருந்தால் இன்னும் எளிதாக வரும். குட்டையில் குதிக்க ஆசைப்பட்டால் பூட்ஸ் கட்டாயம், சாக்கடை கலக்கும் இடம் என்றால் பூட்ஸ் இருந்தாலும் வேண்டாம்.

அப்படியானால் அரங்கம் தேவையே இல்லையா? தேவைப்படும் நாட்கள் உண்டு. மழை நாள் கணக்கில் விடாமல் பெய்து, வீட்டுக்குள் எல்லோரும் எரிச்சலில் இருக்கும்போது அந்த 60 நிமிட ஓட்டத்துக்கு அதுதான் வழி. வார நாள் காலையில் போங்கள், சின்னவர்களுக்குத் தனியாகத் தடுத்த பகுதி இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். டிராம்போலினை விட்டுவிடுங்கள். ஆறு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அது வேண்டாம் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பெரிய பிள்ளையும் சின்னப் பிள்ளையும் சேர்ந்து குதித்தால் தூக்கி எறியப்படுவது சின்னதுதான்.

காற்று

பட்டம் பெரியவர்களின் ஆட்டம், நான்கு வயதுக் கைக்கு நூல் அடங்காது, அறுக்கவும் செய்யும். குச்சியில் கட்டிய நீள ரிப்பன் போதும், பிள்ளை ஓடினால் அதுவும் கூடவே ஓடும்.

குளிர்: உயிரியல் பூங்காவா, பக்கத்து மைதானமா

உயிரியல் பூங்காவில் ஏமாற்றம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். சிங்கம் ஒரு நாளில் 16 முதல் 20 மணி நேரம் படுத்தே கிடக்கும் விலங்கு. நாம் நிதானமாகச் சாப்பிட்டுக் கிளம்பிப் போய்ச் சேரும் நேரம் அதன் தூக்க நேரம். பிள்ளைக்குத் தெரிவதெல்லாம் தூரத்தில் ஒரு மஞ்சள் முதுகு. அதற்குள் பிள்ளைக்கே தூக்க நேரம் வந்துவிடும், தூக்கிக்கொண்டு நடப்பது நம் பாடு.

பக்கத்து மைதானத்தில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. குளிர் நாளில் ஓடுவதற்கு உடம்பு தானாகவே கேட்கும். தடிமனான ஒரே கோட்டைவிட மெல்லிய உடுப்புகள் இரண்டு மூன்றாக அடுக்கிப் போட்டால், வியர்க்கும்போது ஒன்றைக் கழற்றிவிடலாம். பனி பெய்யும் ஊர் என்றால், புதுப் பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும் என்பதை மறக்க வேண்டாம், குளிர்தானே என்று முகத்தை விட்டுவிடக் கூடாது. சறுக்கு மரத்தில் பிள்ளையை மடியில் வைத்துச் சறுக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். பாதம் ஓரத்தில் மாட்டிக்கொண்டால் பெரியவரின் எடை சேர்ந்து இழுத்துக் கால் எலும்பே முறியும். தனியாகச் சறுக்கத் தயாராக இல்லாத பிள்ளைக்கு இன்னும் சின்னச் சறுக்கு மரம் போதும்.

குளிரைக் காரணம் காட்டி வீட்டுக்குள்ளேயே அடைத்து வைப்பதற்கு எதிராகக் கண்ணும் சாட்சி சொல்கிறது. சீனாவின் குவாங்சோவில் ஆறேழு வயதுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விளையாட விட்டார்கள். மூன்று ஆண்டு கழித்து அவர்களில் கிட்டப்பார்வை வந்தவர்கள் சுமார் 30 சதவீதம், வழக்கம்போல் இருந்தவர்களில் சுமார் 40 சதவீதம். 2015-இல் வெளியான ஆய்வு இது. பள்ளி தொடங்குவதற்கு முன்பே வெளிச்சத்தில் விளையாடும் பழக்கம் வந்துவிட்டால் அதைவிட நல்லது.

இருந்தாலும் உயிரியல் பூங்காவை நான் தள்ளிவிட மாட்டேன். ஒரு விலங்கின் மேல் பித்தாக இருக்கும் பிள்ளை, அதை உயிரோடு பார்க்கும் நாளுக்கு எந்த மைதானமும் மாற்று இல்லை. நான்கு வயது தாண்டிய பிறகு போங்கள். வாசல் திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள், உணவு வைக்கும் நேரத்தையும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். இரண்டே இரண்டு விலங்குகளைத் தேர்ந்துகொண்டு, ஒவ்வொன்றின் முன்னாலும் பிள்ளை நகரச் சொல்லும் வரை நில்லுங்கள். மீதியைப் பார்க்காமல் வருகிறோமே என்ற கவலை நமக்குத்தான் இருக்கும். மதியத் தூக்கத்துக்கு முன் வீடு திரும்பிவிடலாம்.