கட்டளை வரியில் சுவிட்ச் பாதுகாப்பு: ஏழு வருட அனுபவம்

கல்லூரி வளாகம் ஒன்றில் கணினிகளை வலையமைப்பில் இணைக்கும் 14 சுவிட்சுகள் என் பொறுப்பில் இருக்கின்றன. எல்லாமே சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2960-எக்ஸ் வகை. ஏழு வருடமாக அவற்றின் பாதுகாப்பு அமைப்புகளைக் கட்டளை வரியில்தான் செய்துவருகிறேன். எந்தக் கட்டளை நன்றாக உழைத்தது, எதில் நான் இடறினேன் என்று இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல நினைக்கிறேன்.

ஒரே ஒரு அம்சத்தை மட்டும் போட நேரம் இருக்கிறது என்றால் டிஹெச்சிபி ஸ்னூப்பிங் போடுங்கள். டிஹெச்சிபி என்பது கணினிகளுக்குத் தானாக ஐபி முகவரி கொடுக்கும் முறை, அதில் போலி சர்வர் நுழையாமல் காப்பது ஸ்னூப்பிங். முதல் வருடம் அது இல்லாமல்தான் இருந்தோம். விடுதியில் ஒரு மாணவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த வைஃபை ரவுட்டரின் லேன் போர்ட்டை அறைச் சுவரில் இருந்த சாக்கெட்டில் செருகிவிட்டார். அதுவும் முகவரி கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்க ஆரம்பித்துவிட்டது. இரவு பத்து மணிக்கு வார்டன் கூப்பிட்டார்: "சார், மூணாவது மாடி முழுக்க நெட் வரல. பசங்க எல்லாம் என் ரூம் வாசல்ல நிக்கிறாங்க." எந்தச் சாதனம் எந்தப் போர்ட்டில் என்று காட்டும் மேக் முகவரி (சாதனத்தின் வன்பொருள் எண்) அட்டவணையைப் பார்த்து, சுவிட்ச் சுவிட்சாகத் தேடி அந்த அறையைப் பிடிக்க நள்ளிரவு தாண்டிவிட்டது. ஸ்னூப்பிங் இருந்திருந்தால், நம்பகமானது என்று நாம் குறிக்காத போர்ட்டிலிருந்து வரும் டிஹெச்சிபி சர்வர் பதில்களைச் சுவிட்சே தடுத்திருக்கும்.

அடுத்த வாரமே போட்டேன். பொதுவாக ஒருமுறை, பிறகு ஒவ்வொரு விலேனுக்கும் (தனித்தனியாகப் பிரித்த வலையமைப்புப் பகுதி) ஒருமுறை என்று இரண்டு இடத்தில் இயக்க வேண்டும். மேல் சுவிட்சுக்குப் போகும் அப்லிங்க் போர்ட்டில் 'ஐபி டிஹெச்சிபி ஸ்னூப்பிங் டிரஸ்ட்' கொடுக்க வேண்டும். அத்தனையும் செய்தும் கணினிகள் சர்வரிடம் முகவரி கிடைக்காமல், 169.254 என்று தொடங்கும் முகவரியோடு நின்றன. காரணம் ஆப்ஷன் 82. ஸ்னூப்பிங்கை இயக்கியதும் சுவிட்ச் ஒவ்வொரு கோரிக்கையிலும் போர்ட் விவரத்தைச் சேர்த்து அனுப்பும். ரிலே முகவரி (கோரிக்கையை இடையில் கடத்திவிடும் சாதனத்தின் முகவரி) காலியாக இருக்க, இந்த விவரம் மட்டும் ஒட்டிக்கொண்டு வரும் கோரிக்கையை எங்கள் டிஹெச்சிபி சர்வர் ஏற்கவில்லை. 'நோ ஐபி டிஹெச்சிபி ஸ்னூப்பிங் இன்ஃபர்மேஷன் ஆப்ஷன்' என்ற ஒற்றை வரியில் சரியாயிற்று. கையேட்டில் இருந்த விஷயம்தான், நான் முன்கூட்டிப் படித்திருக்க வேண்டும்.

இதன் மேல் கட்டும் அடுத்த அடுக்கு ஏஆர்பி இன்ஸ்பெக்ஷன். ஏஆர்பி என்பது ஒரு ஐபி முகவரி எந்த மேக் முகவரிக்குரியது என்று கேட்டறியும் முறை. யாருக்கு எந்த முகவரி போயிற்று என்ற ஸ்னூப்பிங் பட்டியலை வைத்துக்கொண்டு, பொய்யான ஏஆர்பி பதில்களை அது வடிகட்டும். ஆனால் அந்தப் பட்டியல் நினைவகத்தில்தான் இருக்கிறது. ஒருநாள் கரண்ட் போய், யூபிஎஸ்ஸும் தீர்ந்து சுவிட்ச் அணைந்து மீண்டும் எழுந்தபோது பட்டியல் காலி. கணினிகளிடம் பழைய முகவரி அப்படியே இருந்தது, சுவிட்சுக்கோ அவற்றில் யாரையும் தெரியவில்லை. ஒரு தளமே முடங்கியது. அன்றிலிருந்து 'ஐபி டிஹெச்சிபி ஸ்னூப்பிங் டேட்டாபேஸ்' கட்டளையால் பட்டியலை ஃபிளாஷில் சேமிக்கிறேன், என்டிபி வழியாக நேரத்தையும் சரியாக வைக்கிறேன். நிலையான முகவரி கொடுத்த பிரிண்டர்கள் இந்தப் பட்டியலில் வராது. அவற்றுக்கு ஏஆர்பி அணுகல் பட்டியலைத் தனியாக எழுதிவிட வேண்டும்.

ஒரு போர்ட்டில் எந்த மேக் முகவரிகள், எத்தனை வரலாம் என்று கட்டுப்படுத்தும் போர்ட் செக்யூரிட்டி பற்றி என் மனம் மாறியிருக்கிறது. ஆரம்பத்தில் எல்லாப் போர்ட்டிலும் போட்டேன். இயல்பாக ஒரு போர்ட்டுக்கு ஒரே மேக் முகவரி. மீறினால் போர்ட்டே அணைந்து எர்ர்-டிஸேபிள் நிலைக்குப் போய்விடும். ஐபி போனும் அதன் பின்னால் கணினியும் இருக்கும் மேஜையில் ஒன்று எப்படிப் போதும்? ஆய்வகத்தில் பழுதான கணினியை மாற்றினால் போர்ட் செத்தது. ஸ்டிக்கி (கண்ட மேக் முகவரியை அமைப்பில் பதிந்துவைப்பது) போட்ட போர்ட்டிலிருந்து அதே சுவிட்சின் வேறொரு போர்ட்டுக்கு ஒருவர் மடிக்கணினியை மாற்றினாலும் அது மீறல்தான். இப்போது போர்ட்டையே அணைக்கும் ஷட்டவுனை நிர்வாக அலுவலகத்துக்கும் சர்வர் அறைக்கும் மட்டும் வைத்திருக்கிறேன், மற்ற இடங்களில் ரெஸ்ட்ரிக்ட். அது அந்நியப் பாக்கெட்டை மட்டும் கைவிட்டு, எண்ணிக்கையை ஏற்றி, லாகிலும் எழுதுகிறது. புரொடெக்ட் பயன்முறையை நான் தொடுவதில்லை. சத்தமே இல்லாமல் தடுக்கிற ஒன்றை வைத்துக்கொண்டு பழுது தேட முடியாது.

மற்றவை ஒருமுறை செய்துவிட்டால் மறந்துவிடலாம். தொலைவிலிருந்து நுழைய, மறைகுறியாக்கம் இல்லாத டெல்நெட்டை மூடி மறைகுறியாக்கம் உள்ள எஸ்எஸ்ஹெச் பதிப்பு 2, 2048 பிட் ஆர்எஸ்ஏ சாவி. நிர்வாகக் கடவுச்சொல்லுக்கு 'எனேபிள் பாஸ்வேர்ட்' வேண்டாம், 'எனேபிள் சீக்ரெட்' போதும். 'சர்வீஸ் பாஸ்வேர்ட்-என்கிரிப்ஷன்' தரும் வகை 7 மறைப்பை யாரும் நொடியில் அவிழ்க்கலாம். பயனர் போர்ட்டுகளில் பிபிடியு கார்டு, சுவிட்சுகள் தமக்குள் அனுப்பும் பிபிடியு செய்தி அங்கே வந்தால் அது போர்ட்டை அணைத்துவிடும். கூடவே 'நோ விஸ்டாக்'. அது அணைக்கும் ஸ்மார்ட் இன்ஸ்டால் என்ற வசதி (புதிய சுவிட்சைத் தொலைவிலிருந்து அமைக்க உதவுவது) டிசிபி 4786 போர்ட்டில் தானாகவே திறந்திருக்கும். 2018 ஏப்ரலில் ரஷ்யாவிலும் ஈரானிலும் திறந்து கிடந்த சுவிட்சுகளின் அமைப்புகள் அந்த வழியாகத்தான் அழிக்கப்பட்டன. பழைய சுவிட்ச் கைக்கு வந்தால் நான் முதலில் அடிக்கும் வரி 'நோ விஸ்டாக்'தான்.

இன்னும் கை நடுங்குவது ட்ரங்க் போர்ட்டில் (பல விலேன்களை ஒன்றாகச் சுமக்கும் போர்ட்) மட்டும். 'சுவிட்ச்போர்ட் ட்ரங்க் அலவ்ட் விலேன் 30' என்று அடித்தால் 30 சேராது. ஏற்கெனவே இருந்த அத்தனை விலேனும் போய் 30 மட்டும் நிற்கும். நடுவில் 'ஆட்' என்ற சொல் வேண்டும். அதை விட்டுவிட்டு நான் வெளியூரிலிருந்து என் இணைப்பையே அறுத்துக்கொண்டேன். காவலாளி அண்ணனை எழுப்பி, ரேக் அறைச் சாவியைத் தேடச் சொல்லி, போனிலேயே அவருக்கு வழி சொல்லிச் சுவிட்சை அணைத்துப் போடவைத்தேன். சேமிக்காமல் இருந்ததால் பழைய அமைப்பு திரும்பியது. இப்போது தொலைவிலிருந்து எதைத் தொடுவதற்கு முன்னும் பத்து நிமிடத்தில் சுவிட்ச் தானே அணைந்து எழும்படி 'ரீலோட் இன் 10' அடித்துவிடுகிறேன். பத்து நிமிடத்துக்குள் இணைப்பு நன்றாக இருக்கிறது என்று தெரிந்தால் 'ரீலோட் கேன்சல்', அதன் பிறகுதான் அமைப்பைச் சேமிக்கும் 'ரைட் மெமரி'.