உக்கிய கப்புகளுக்குக் கால் மாற்றித் தரும் மாங்குளத்து ஓடாவி

கோடிப்புறத்தில் நிற்கும் பழைய மரக் கொட்டில் ஒருபக்கம் சரிந்துவிட்டது, கப்புகள் (மரத் தூண்கள்) மண்ணுக்குள் இறங்கிவிட்டன என்றால், உடைத்துத் தள்ள முன்னம் மாங்குளம் பக்கத்தில் இந்த வேலை செய்கிற ஓடாவி (தச்சர்) ஐயாவைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். எங்கள் மாட்டுக்கொட்டில் ஓடு போட்டது, கப்புகளுக்கு மேலே கிடக்கும் வளையும் அதில் சாயும் கைமரமும் முதிரை மரம், இன்றைக்கும் கல்லு மாதிரி இருக்கின்றன. கப்பு மட்டும் வேம்பு. அடி உக்கிக் கப்புகள் இறங்க இறங்க, தாழ்வாரம் மாட்டின் கொம்பு தட்டுகிற அளவுக்கு வந்துவிட்டது. முதலில் வந்து பார்த்த ஒருவர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு இரும்புக் குழாயும் தகரமும் போடச் சொன்னார். வன்னி வெயிலில் தகரத்துக்குக் கீழே மாடு எப்படி நிற்கும்? எனக்கு மனம் வரவில்லை.

ஐயா வந்ததும் காசுக் கதை கதைக்கவில்லை. ஒவ்வொரு கப்பின் அடியிலும் மண்ணைத் தோண்டி, உளி முனையால் குத்திப் பார்த்துக்கொண்டே போனார். மண் மட்டத்தில்தான் ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைக்கும், அதனால் உக்கல் அங்கேதான் கூட, மேலே ஒன்றரை அடி தாண்டினால் மரம் நல்ல மரம் என்று குத்திக் காட்டினார். முழுக் கப்பையும் மாற்றத் தேவையில்லை என்று அவரே சொன்னது எனக்குப் பிடித்தது.

தூக்கியதுதான் பார்க்க வேண்டிய வேலை. வளைக்கு இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து, நிலத்தில் தடித்த பலகை போட்டு, அதன்மேல் லொறி ஜக்கை வைத்துக் கால் அங்குலம் தூக்குவார், நிறுத்துவார், மேலே பொருத்துகளைப் பார்ப்பார், பிறகு அடுத்த கப்புக்குப் போய்விடுவார். "ஒரேயடியாத் தூக்கினா பொருத்துப் பிளந்து ஓடு கொட்டும் தம்பி" என்றார். ஒரு ஓடுகூட உடையவில்லை.

உக்கின துண்டை அறுத்தெறிந்துவிட்டுப் பாலை மரத்தில் புதுக் கால், பாதிக்குப் பாதி வெட்டிச் சேர்த்து இரண்டு போல்ட். கீழே சீமெந்து 1, மணல் 2, சல்லி 4 என்று கலந்த கொங்கிறீட், மண்ணுக்கு மேல் அரை அடி உயரத்துக்கு, தண்ணீர் வடிய மேற்பக்கம் சரிவாக. அதில் பதித்த இரும்புத் தகட்டில்தான் கால் நிற்கிறது. எங்கள் ஊரில் பலர் கப்பை அப்படியே கொங்கிறீட்டுக்குள் புதைத்துவிடுகிறார்கள். மரம் காய்ந்து சுருங்கினால் இடைவெளியில் மழைத்தண்ணீர் தேங்கும், திரும்பவும் அதே உக்கல். கறையான் வந்தாலும் இப்போது மண்கோடு வெளியில் தெரியும், தட்டிவிடலாம். கொங்கிறீட்டை 7 நாள் தண்ணீர் விட்டு ஊறவைத்த பிறகுதான் பாரத்தை இறக்கினார்.

குறையும் சொல்ல வேண்டும். மரம் நீங்கள்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். பாலை, முதிரையை வனத் திணைக்கள அனுமதி இல்லாமல் ஏற்ற முடியாது, ஆகவே பற்றுச்சீட்டுத் தருகிற மரக்காலையில் (மரம் விற்கும் இடத்தில்) வாங்குங்கள். ஓடு மாற்றுவது, நிலத்துக்குச் சீமெந்து இழுப்பது அவருடைய வேலை இல்லை. ஆறுதலாகத்தான் செய்வார், அவசரப்படுத்தினால் கோபம் வரும். புரட்டாதியில் எல்லோரும் மாரிக்குப் பயந்து அவரைத்தான் தேடுவார்கள், ஆனி ஆடியிலேயே சொல்லிவைத்தால் மண் காய்ந்திருக்கும்போது வேலை முடியும்.