போர்ட்லீஷில் எரியாத தெருவிளக்கு

அயர்லாந்தின் போர்ட்லீஷ் ஊரில் அப்பா அம்மா இருக்கும் குடியிருப்பின் முகப்பில் தெருவிளக்கு எரியவில்லை. அங்கே டிசம்பர் என்றால் நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். அம்மா நைட் டியூட்டிக்குக் கிளம்புவது அந்த வழியாகத்தான். சிங்கப்பூரில் எங்கள் பிளாக்கில் விளக்கு அணைந்தால் டவுன் கவுன்சிலுக்கு ஒரு போன் போதும். இங்கே அப்பா கம்பத்தின் எண்ணையும் குறித்து முறையாகப் புகார் கொடுத்திருந்தார். "உங்கள் குடியிருப்பை நாங்கள் இன்னும் பொறுப்பேற்கவில்லை, கட்டியவரிடம் கேளுங்கள்" என்று கவுண்டி (மாவட்டம் மாதிரி) கவுன்சிலிலிருந்து பதில் வந்ததாம். கட்டியவரோ 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு கம்பெனியையே மூடிவிட்டார். அங்கே வீடு வாங்கிய பலருக்கு இது பழகிய கதைதான். எனக்குத்தான் ஆறவில்லை. வீட்டு வரியை மட்டும் வருஷம் தவறாமல் வாங்குகிறார்களே!

முன்பெல்லாம் ஊருக்கென்று ஒரு டவுன் கவுன்சில் இருந்தது. அதிகாரம் பெரிதாக இல்லை, ஆனால் உறுப்பினர்கள் கடைத்தெருவில் எதிர்ப்படுவார்கள், நிறுத்திக் கேட்கலாம். அந்தக் கவுன்சிலில் இருந்துதான் ரோட்டிமி அடெபாரி வந்தார். நைஜீரியாவிலிருந்து 2000இல் குடும்பத்தோடு அடைக்கலம் தேடி அயர்லாந்து வந்தவர். அடைக்கலம் கேட்டவர்களுக்கு அப்போது வேலை பார்க்க அனுமதி கிடையாது. அவர் சும்மா இருக்கவில்லை. ஊரில் வேலையில்லாதவர்களுக்கு உதவ ஒரு குழு தொடங்கினார். 2004இல் சுயேச்சையாக நின்று கவுன்சிலரானார். 2007 ஜூனில் மேயர், அயர்லாந்தின் முதல் கறுப்பின மேயர். அன்று எங்கள் வீட்டில் இருந்த சந்தோஷம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. உள்ளாட்சித் தேர்தலில் நிற்கவும் வாக்களிக்கவும் அங்கே குடியுரிமை தேவையில்லை, அங்கே வசித்தால் போதும். வந்தேறிகளான எங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது மற்றவர்களுக்குச் சட்டென்று புரியாது.

2014இல் செலவைக் குறைக்கிறோம் என்று நாடு முழுக்க 80 டவுன் கவுன்சில்களை ஒரேயடியாகக் கலைத்தார்கள். போர்ட்லீஷும் போனது. உள்ளாட்சி உறுப்பினர்கள் 1,627 பேரிலிருந்து 949 ஆனார்கள். இப்போது லீஷ் கவுண்டி முழுவதற்கும் 19 பேர், அதில் போர்ட்லீஷ் பகுதிக்கு 7 பேர். 20,000 பேருக்கு மேல் வாழும் ஊர் இது! சுற்றியுள்ள கிராமங்களின் சாலை, வடிகால் எல்லாவற்றையும் அந்த ஏழு பேரே பார்க்க வேண்டும். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அடெபாரி ஏறி வந்த முதல் படியையே எடுத்துவிட்டார்களே என்பதுதான் என் ஆத்திரம். கட்சி ஆதரவும் பணமும் இல்லாமல் புதிதாக வந்த ஒருவர் கவுண்டி அளவில் நின்று ஜெயிப்பது லேசா?

அப்புறம் ஒரு கவுன்சிலர் மக்களைச் சந்திக்கும் இடத்துக்கு அப்பாவை அழைத்துப் போனேன். பொறுமையாகக் கேட்டார், குடியிருப்பைக் கவுன்சில் ஏற்றுக்கொள்ளும் பட்டியலில் சேர்க்கச் சொல்வதாகச் சொன்னார். நான் கிளம்பும்வரை விளக்கு எரியவில்லை. அடுத்த உள்ளாட்சித் தேர்தல் 2029இல். வாக்குக் கேட்டு வாசலுக்கு வருகிறவர்களிடம் டவுன் கவுன்சிலைத் திரும்பக் கொண்டுவருவீர்களா என்று முதலில் கேட்கும்படி அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.