மேலே சுண்ணாம்பு, அடியில் சாக் தூள்: ரங்கூன்காரர்கள் கவனிக்கவும்

ரங்கூனிலும் தன்லின் பக்கத்திலும் மழைக்கு முன் வெள்ளையடிக்க நினைப்பவர்கள், சுண்ணாம்பு மூட்டையை அடிவரை கிளறிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். எங்களுக்கு விற்ற மூட்டையில் மேலே ஒரு சாண்தான் சுண்ணாம்பு. கீழே முழுக்கச் சாக் தூள்.

பொங்கலுக்காக வீட்டுச் சுற்றுச்சுவருக்கு வாங்கியது. கடைக்காரர் நாங்கள் கேட்காமலே மஞ்சள்தூளில் ஒரு சிட்டிகை போட்டு, தண்ணீர் விட்டு, ஆரத்தி மாதிரி சிவக்கவைத்துக் காட்டினார். எடுத்தது மேலிருந்து என்பதை அப்போது யார் கவனிப்பார்கள்? அடித்துக் காய்ந்ததும் சுவர் பளிச்சென்றுதான் இருந்தது. ஆனால் சாய்ந்தவர் சட்டையெல்லாம் வெள்ளை. ஏப்ரலில் தண்ணீர்த் திருவிழா வந்தது. தெருப்பிள்ளைகள் குழாயைப் பிடித்து அடித்த முதல் நாளே எல்லாம் வெள்ளைத் தண்ணீராக ஓடிச் செங்கல் தெரிந்துவிட்டது.

கடையில் போய்க் கேட்டால், "எல்லாம் ஒரே கல்லுதான் அண்ணே, நீங்க தண்ணி கூடக் கலந்திருப்பீங்க" என்கிறார். இதில் பாதி உண்மை. அதுதான் எரிச்சல்.

சாக், சுண்ணாம்புக்கல், பளிங்கு மூன்றும் கால்சியம் கார்பனேட்தான். அசல் சாக் என்பது கடலில் மிதந்த நுண்ணுயிர்களின் ஓடுகள் படிந்து உண்டான மெத்தென்ற கல். இங்கிலாந்தின் டோவர் பாறைகள் அப்படிப்பட்டவை. நம் பாஅன் மலைகளும் ஷான் மலைகளும் அதைவிடக் கடினமான சுண்ணாம்புக்கல். அதை அரைத்தாலும் கடையில் சாக் தூள்தான். ஆனால் சுவரில் பிடிக்க வேண்டுமென்றால் அந்தக் கல்லைச் சூளையில் ஏறக்குறைய 900 டிகிரியில் சுட வேண்டும். சுட்டால் கரியமில வாயு போய் 100 கிலோ கல் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பாகக் குறையும். தண்ணீர் ஊற்றினால் அது கொதித்துப் பூக்கும், அதாவது பொடியாக உதிரும். சுவரில் அடித்தபின் காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல இழுத்து, அடித்த இடத்திலேயே மறுபடி கல்லாகும். சுடாத தூளுக்கு அந்த வேலையே கிடையாது. காய்ந்த சிமெண்டை இடித்துத் தூளாக்கி மறுபடி கலவை போட்ட மாதிரிதான். விறகுச் செலவும் இல்லை, எடையும் குறையவில்லை. வீசைக் கணக்கில் விற்பவருக்குக் கொள்ளை லாபம்.

எங்கள் தெரு வெற்றிலைக் கடை அக்கா சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறேன். மூட்டையின் அடியிலிருந்து நீளக் கரண்டியால் எடுங்கள். மஞ்சளில் போட்டால் ரத்தச் சிவப்பாக வேண்டும். அதோடு நிறுத்தாதீர்கள், கொஞ்சம் சுண்ணாம்பு கலந்திருந்தாலே சிவந்துவிடும். இன்னொரு சிட்டிகையில் வினிகர் விடுங்கள். புஸ்ஸென்று நுரைத்துப் பொங்கினால் சாக் தூள் நிறைய இருக்கிறது. நல்ல சுண்ணாம்பு அவ்வளவு பொங்காது. நாக்கில் வைத்து மட்டும் பார்க்காதீர்கள், கண்ணிலும் படக்கூடாது. சுட்ட சுண்ணாம்பு புண்ணாக்கிவிடும்.

சிவக்கவும் இல்லை, பொங்கவும் இல்லை என்றால் அது வேறு சாமான். பெரும்பாலும் ஜிப்சம். கட்டியாகக் கிடைத்தால் நகத்தால் கீறலாம். சுண்ணாம்புக்கல்லில் நகம் ஏறாது. பள்ளிக்கூடத்துச் சாக்பீஸிலேயே பல ஜிப்சம்தான், வினிகரில் போட்டால் சும்மா கிடக்கும். சோப்பு மாதிரி வழுக்கினால் டால்க். நனைந்ததும் களிமண்ணாக ஒட்டினால் வெள்ளைக் களிமண்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். நல்ல சுண்ணாம்பே ஈரக்காற்றில் திறந்து கிடந்தால் நாளாக ஆகத் தானாகச் சாக்காக மாறும். நம் ஊர் மழைக்காலத்தில் அது எளிதாக நடக்கும். அப்படியிருந்தால் மேல்பகுதிதான் முதலில் கெட்டுப்போகும். எங்கள் மூட்டையில் மேலே நல்லது, அடியில் கெட்டது. இதை எந்தக் காற்று செய்தது என்று கடைக்காரரிடம் கேட்டேன். செல்போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பணம் திரும்பவில்லை. முடிந்தால் பூக்காத கட்டிச் சுண்ணாம்பாக வாங்குங்கள். ஒரு கட்டியைத் தகர டப்பாவில் போட்டுத் தண்ணீர் ஊற்றி, கொதிக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்துவிடலாம்.

எங்களிடம் இன்னும் அரை மூட்டைச் சாக் தூள் கிடக்கிறது. புளிப்பு மண்ணுக்குப் போட்டால் நல்லது. தன்லின் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்கள் வந்தால் இலவசமாக அள்ளிக்கொண்டு போகலாம், பை மட்டும் கொண்டுவாருங்கள்.